சுரம் கொடுக்காத ஞாயிறு

பாட்டு முடிந்து சபை உட்காருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும், முதலில் பெண்கள் பக்கம் சேலை சரசரக்கும், அப்புறம் ஆண்கள் பக்கம் பெஞ்சு முனகும், பிள்ளைகளை அதட்டுகிற உஸ்ஸு ஒன்று எழும்பும், கடைசியில் ஒரு இருமல், அது எங்கள் வீட்டுக்காரருடையது, அவர் வராமல் போனாலும் போவார், வந்துவிட்டால் அந்த இருமல் வராமல் போகாது. அது அடங்கினதும் நான் கையை மடியில் போட்டுக்கொள்வேன். பிரசங்க நேரம் பியானோக்காரிக்கு ஓய்வு நேரம், பீடத்தில் எந்தப் பாதிரி ஐயர் நின்றாலும் பாதி கேட்பேன், பாதி அடுத்த ஞானப்பாட்டை மனசுக்குள் உருட்டிப் பார்ப்பேன், சில நாள், ஆண்டவர் மன்னிக்கட்டும், மத்தியானத்துக்கு மீனா கறியா என்றுகூட யோசித்திருக்கிறேன். இன்றைக்குக் கை மடியில் கிடக்க மாட்டேன் என்கிறது. பிரசங்க பீடத்துப் படியில் ஏறுகிற கால் என் மகன் கால். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறான், கட்டைவிரலை முதலில் ஊன்றி ஊன்றி வைக்கிற நடை, தொட்டில் விட்டு இறங்கின நாளிலிருந்து அப்படித்தான். நான் திரும்பிப் பார்க்க முடியாது, பியானோ சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது, ஆனால் கறுப்புப் பாலிஷ் போட்ட அதன் முன்பலகையில் பீடமும் தெரியும் பீடத்தில் நிற்கிறவரும் தெரியும், முகம் தெரியாது, வெள்ளை அங்கி மட்டும் தண்ணீரில் போட்ட துணி மாதிரி அசையும். அந்த வெள்ளை இப்போது அசையாமல் நிற்கிறது. முன் பெஞ்சில் வேதாகமக் கல்லூரியிலிருந்து வந்த ஐயர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாராம், பக்கத்தில் இருக்கிற ரெபேக்காள் எனக்குக் காதில் சொல்கிறாள், பாடகர் குழுவில் எனக்குக் கண் அவள்தான். அந்த ஐயர் கேட்டுவிட்டுப் போய்ச் சரி என்று சொன்னால் நத்தானியேலுக்குக் குருப்பட்டம், இல்லையென்றால் இன்னொரு வருஷமோ, இல்லை அதோடு விட்டுவிடு தம்பி என்பார்களோ. என் மகனுக்கு வாய் திக்கும்.

பாடினால் திக்காது. அதுதான் ஆண்டவர் செய்த வேடிக்கை. எங்கள் லுத்தரன் ஆராதனையில் பாதியை ஐயர் ராகம் போட்டுத்தான் சொல்லியாக வேண்டும், அவர் ஒரு வரி இழுப்பார், சபை ஒரு வரி இழுக்கும், அந்தப் பாதியைச் சற்று முன்னால் என் மகன் பாடினபோது ஆண்கள் பக்கம் விசிறிகூட ஆடவில்லை, ரெபேக்காள் என் முழங்கையைக் கிள்ளினாள், "அக்கா, தேனை வாயில் வச்சுக்கிட்டுப் பாடுறானா இவன்." எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது. ஆனால் பிரசங்கத்தைப் பாட முடியாதே, பேசித்தானே ஆக வேண்டும். நேற்று இதே ரெபேக்காள்தான் பாட்டுப் பழகி முடிந்ததும் எல்லார் முன்னாலேயும் சொன்னாள், "நாளைக்கு நத்தான் பிரசங்கமா? அப்ப மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குல போட்டுக் கோயிலுக்கே கொண்டாந்துடுறேன்க்கா, இருட்டுறதுக்குள்ள ஆமென் வந்துடுமா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் பொல்லாப்பு, சிரித்துக்கொண்டே "உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவன் பேச்சே தேவலை" என்று சொல்லிவிட்டேன், அதற்கும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நெஞ்சில் ஒரு கல். கல் இல்லை, மீன்முள், விழுங்கினாலும் போகாது, துப்பினாலும் வராது. அடுப்பை அணைத்தேனா? காலையில் கறியைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு அங்கியைத் தேய்க்கப் போனேன், அப்புறம் அவர் வேட்டியைக் காணோம் என்றார், அப்புறம் அணைத்தேன், கையில் குமிழ் சூடு இருக்கிறது, அணைத்திருப்பேன். கறி அடுப்பில் இருக்கும்போதுதான் நத்தான் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான், தலைமுடி ஈரம் சொட்ட, பத்து வயசுப் பிள்ளை மாதிரி. "அம்மா." "என்னய்யா, காப்பி ஆறிப்போச்சா?" "இல்லம்மா. நீங்க எனக்கு ஒரு சத்தியம் செய்யணும்." சத்தியம் என்றால் எங்கள் வீட்டில் ஆகாது, ஆமென்றால் ஆம் இல்லையென்றால் இல்லை, அது தெரிந்த பிள்ளைதான், அப்படிக் கேட்கிறான் என்றால் பெரிய காரியம். "நான் நின்னுட்டா நீங்க ப... ப..." என்றான், நான் வழக்கம்போல "பயப்படக் கூடாதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். "பதறிடக் கூடாதா?" அதற்கும் தலையாட்டல். உள்ளே வேட்டி கட்டிக்கொண்டிருந்த இவர் கத்தினார், "சொர்ணம், அவன் வாய்க்குள்ள கைய விட்டு எடுக்காதே, அவனே சொல்லட்டும்!" நான் வாயை மூடிக்கொண்டேன், கறி கொதிக்கிற சத்தம் மட்டும், எத்தனை நேரமோ, கடைசியில் வந்தது, "பியானோவைத் தொடக் கூடாது." சரிய்யா என்றேன். தொட மாட்டேன் என்றேன். ஆமென்றால் ஆம்.

அவனுக்குத் தெரியும், எனக்கு அந்த வியாதி உண்டு என்று. நான் அஞ்சாவதோடு நின்றவள், போர்டிங்கில் சுவீடன் தேசத்து மிஸ்ஸியம்மா ஒருத்தி இருந்தாள், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு ஈரக் கையோடு கூட்டிக்கொண்டு போய் இந்தப் பியானோவுக்கு முன்னால் உட்கார வைத்தாள், புள்ளியும் கொடியும் போட்ட பாட்டுக் காகிதம் எனக்கு ஏறவில்லை, காதில் ஏறினது இறங்கவில்லை, அதை வைத்துத்தான் இன்றுவரை காலம் ஓடுகிறது. பிள்ளைக்கு வாய் திக்குகிறது என்று தெரிந்தபோது எனக்கு வைத்தியம் தெரியாது, காதுதான் தெரியும். கடைக்கு அனுப்பினால் அழுதுகொண்டே வெறுங்கையோடு வருவான், இல்லையென்றால் பருப்பு என்று சொல்ல வராமல் வேறு யாராவது வாங்குகிறதையே வாங்கிக்கொண்டு வருவான், ஒரு நாள் வீட்டில் யாருக்கும் வேண்டாத மூக்குப்பொடி வந்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா பேர் என்ன தம்பி என்பாள், பேர் அவனுக்கு நன்றாய் வரும், மூக்கில் ந என்று தொடங்குகிற பேர், ஆனால் அதற்குள் நான் சொல்லிவிடுவேன். வயசு என்ன? நான் சொல்லிவிடுவேன். எங்கே வலிக்குது? அதையும் நான். நர்சம்மா சிரிப்பாள், "வலி உங்களுக்கா அவனுக்கா?" சனிக்கிழமைகளில் கோயிலைப் பெருக்கித் துடைத்தபிறகு அவனை இங்கே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன், நடுவில் இருக்கிற எஃப் கட்டையைத் தொடுவேன், "இதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுய்யா" என்பேன், அவன் அந்தச் சுரத்திலேயே "பருப்பு வேண்டும்" என்று பாடுவான், கோயில் முழுக்கப் பருப்பு பருப்பு என்று எதிரொலிக்கும், இருவரும் சிரிப்போம். அப்புறம் பியானோ வேண்டியதில்லை, நான் வாய்க்குள் லேசாய் ம் என்றால் போதும், அவன் அதில் ஏறிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவான். ம் என்றே வளர்த்தேன். பள்ளிக்கூடம், காலேஜ், பெண் பார்க்கப் போன வீடுவரைக்கும் ம். அந்தப் பெண் நல்ல பெண், நிர்மலா, எல்லாரும் காப்பி குடிக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாளே, "அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க எங்ககூடவே இருப்பீங்களா, இல்ல நான் அந்த ம் போடக் கத்துக்கணுமா?" இவர் காப்பி புரையேறச் சிரித்தார். நத்தானும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. கல்யாணம் குருப்பட்டத்துக்குப் பிறகு என்று பேச்சு. அவளும் இன்றைக்கு வந்து எங்கேயோ பின் பெஞ்சில் இருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டேன், நிச்சயம்.

தொடங்கிவிட்டான். குரல் நன்றாய் இருக்கிறது, கொஞ்சம் மேலே, இறங்கிவிடும். திரித்துவத்துக்குப் பிந்தின இந்த ஞாயிறுக்கு வைத்திருக்கிற வசனம் பத்துக் குஷ்டரோகிகள், ஆண்டவர் பத்துப் பேரையும் சுகமாக்கினார், நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன்தான், நாமாய்த் தேர்ந்தெடுக்க வழியில்லை, நாளுக்கு நாள் ஏற்பாடு, இவனுக்கென்று பார்த்தா பத்து வர வேண்டும், அந்த எழுத்தில்தான் இவன் வண்டி நிற்கும். அப்படிப் பார்த்தால் வேதத்தில் எதில்தான் அந்த எழுத்து வராது, பிதா, பாவம், பரலோகம், பரிசுத்தம், பிரசங்கம், வேறே வேலை பார்க்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன், பாங்கில் சேரேன் என்றேன், "அதுவும் ப தானம்மா" என்றான். பழைய நாளாயிருந்தால் பத்தைத் தாண்டிக் குதித்து அந்தக் கூட்டத்தார் என்பான், வார்த்தை மாற்றுகிறதில் கெட்டிக்காரன், ஒரு வார்த்தை வரவில்லையென்றால் பக்கத்து வீட்டு வார்த்தையைக் கூப்பிட்டுக்கொள்வான், கேட்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதோ வருகிறது, ஊருக்கு வெளியே நின்றார்கள், தூரத்தில் நின்றார்கள், எத்தனை பேர், ப... பத்துப் பேர். வந்துவிட்டது. மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? ரெபேக்காள் மூச்சை விட்டாள், நானும் விட்டேன். விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், மடியில்தான் இருக்கிறது. பியானோவைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், சபைக்கும் தெரியும். பிரசங்கம் முடிந்து ஆமென் என்றதும் நான் ஒரு சுரம் கொடுப்பேன், சபை எழும்பும், நின்றபடி பாட்டு. காலங்காலமாய் அப்படித்தான், யாரும் யோசித்து எழும்புகிறதில்லை, காலுக்குப் பியானோ தெரியும். ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகையில் யாரோ ஏலத்துக்குக் கொண்டுவந்த சேவல் கூடையை விட்டு வந்து பிரசங்கத்தின் பாதியில் கட்டைமேல் தாவிற்று, டொய்ங், அவ்வளவுதான், சபை முழுக்க எழுந்து நின்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறது, அப்போதிருந்த பெரிய ஐயர் பீடத்திலிருந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சேவலே முடிச்சு வச்சிட்டுது, இனி உங்களை உக்கார வைக்க என்னால ஆகாது, பாடுங்க" என்று இறங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வருகிறது, வரக் கூடாது. இன்றைக்கு என் விரல் தெரியாமல் ஒரு கட்டையில் பட்டாலும் போதும், சபை எழும்பிவிடும், என் மகன் பேச்சு அறுந்துபோகும், முன் பெஞ்சு ஐயர் அம்மா வந்து முடித்துவைத்தாள் என்று எழுதிக்கொள்வார். அது தெரிந்தும் விரல் தினவெடுக்கிறது.

நன்றாய்த்தான் போகிறது. திரும்பி வந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் இல்லை என்கிறான், அவர்களுக்கு வீடு இருந்தது, பெண்டாட்டி பிள்ளை இருந்தது, எத்தனை நாள் கழித்துப் போகிறார்கள், ஓடத்தானே செய்வார்கள் என்கிறான், இது புதுசாய் இருக்கிறது, எந்த ஐயரும் ஒன்பது பேர் பக்கம் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக்கூட அந்த ஒன்பது பேர் வீட்டு வாசலில் அவரவர் அம்மா நிற்கிற மாதிரித் தோன்றிற்று, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு. புரட்டாசிப் புழுக்கம், முதுகில் வேர்வை ஒரு கோடாய் இறங்குகிறது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டிக்கென்கிறது, நான் அதற்குத் தாளம் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போடுகிறேன். அப்போது நின்றான். சரியாய் எந்த இடத்தில் என்றால், திரும்பி வந்தவன் ஆண்டவர் காலில் விழுந்து, அவரை அனுப்பின, என்று சொல்லி, அதற்குமேல் பிதா வர வேண்டும். பி. பி. அதுவும் இல்லை, சத்தமே இல்லை, உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது, எனக்குத் தெரியும், முகம் பார்க்காமலே தெரியும், கழுத்து நரம்பு எழும்பியிருக்கும், இடது கண் சுருங்கியிருக்கும், வலது கை அங்கிக்குள் தொடையைத் தட்டும். பலகையில் அந்த வெள்ளை விறைத்து நிற்கிறது. மின்விசிறி டிக். டிக். தேவன் என்று சொல்லேன், ராசா, ஆண்டவர் என்று சொல், எத்தனை வார்த்தை இருக்கிறது அவருக்கு, கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லவில்லை. பிள்ளைகள் பக்கம் ஒரு கிளுகிளுப்பு, அதை யாரோ அடித்து அடக்கின சத்தம். இவர் இருமவில்லை. இந்த நேரத்தில் இருமினால்தான் என்ன. அப்போதுதான் பார்க்கிறேன், என் விரல் எஃப் கட்டையின்மேல் இருக்கிறது. நான் வைக்கவில்லை, அதுவாய்ப் போயிருக்கிறது. ஒரு தொடல், சன்னமாய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஐயோ, பியானோவில் அப்படி ஒன்று இல்லையே. விரல் அமுக்குகிறது. ரெபேக்காள் பார்த்துவிட்டாள், "அக்கா" என்று மூச்சால் சொன்னாள். கட்டை இறங்குகிறது. மெதுவாய் அமுக்கினால் பியானோ பேசாது, உள்ளே சுத்தியல் கம்பிவரைக்கும் போய்த் தொடாமல் திரும்பிவிடும், அது எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் அமுக்கினேனா, இல்லை அடிக்கத்தான் போய்க் கடைசி நேரத்தில் கை தளர்ந்ததா, அதைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அடிமட்டும் இறங்கிவிட்டது, சத்தம் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நீளமான சும்மாவை நான் கேட்டதே இல்லை. கேட்க விட்டதே இல்லை, அவன் நிற்குமுன் நான் நிரப்பிவிடுவேன், வீட்டில், கடையில், ஆஸ்பத்திரியில். இதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் இத்தனை வருஷமும் இவன் தனியாய் நின்றுகொண்டிருந்தானா. பெண்கள் பக்கத்திலிருந்து கிழவி நேசம்மாள் குரல், அவளுக்குக் காது மந்தம், மெதுவாய்ப் பேசுகிறதாய் நினைத்துக்கொண்டு கோயில் அதிரச் சொன்னாள், "நிதானமாச் சொல்லு ஐயா, எங்களுக்கு எங்க போவணும்?" யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெஞ்சு முனகிற்று, ஆட்கள் எழும்புகிற முனகல் இல்லை, சாய்ந்து வசதியாய் உட்காருகிற முனகல். நான் கட்டையை எவ்வளவு மெதுவாய் அமுக்கினேனோ அவ்வளவு மெதுவாய் விட்டேன், இரண்டு கையாலும் பியானோ மூடியை இழுத்து மூடினேன், மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

பி. பி. பிதா, என்றான். அழகாய் வரவில்லை. உடைந்துதான் வந்தது, கல்லில் மோதின தேங்காய் மாதிரிக் கரடுமுரடாய். வந்தபிறகு அவன் ஓடவில்லை, தப்பித்தவன் மாதிரி அடுத்த வார்த்தைக்குத் தாவவில்லை, மறுபடி ஒருதரம் சொன்னான், "பி... பிதாவை மகிமைப்படுத்தினான்." அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் நின்றான் என்று நான் எண்ணவில்லை, நின்றான், வந்தது, நின்றான், வந்தது, சபை அதோடு நடந்துபோயிற்று, மழையில் சேற்றுப் பாதையில் முன்னால் போகிறவர் காலை எடுத்து வைக்கிறவரை பின்னால் வருகிறவர் நிற்கிற மாதிரி. கடைசியில் சொன்னான், திரும்பி வந்தவன் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பான், காலில் விழுந்ததும் எல்லாம் மறந்திருக்கும், அவன் வாய் திறக்கிறவரைக்கும் ஆண்டவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவருக்கும் எருசலேமுக்குப் போகிற அவசரம் இருந்தது, நின்றார். அவ்வளவுதான் சொன்னான். ரெபேக்காள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். முன் பெஞ்சு ஐயர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆமென், என்றான். அந்த ஆமெனின் வால் அறுவதற்குள் என் கை விழ வேண்டும், விழுந்தே பழக்கம். மூடி மூடிக்கிடக்கிறது. தூக்கினேன், பல்வரிசை மாதிரிக் கட்டைகள் வெள்ளை வெளேரென்று, எது எது என்று தெரியவில்லை, எந்தப் பாட்டு என்று தெரிகிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கா? போர்டிங் நாளிலிருந்து வாசிக்கிற எனக்கா? சபை உட்கார்ந்தபடியே இருக்கிறது, சுரம் வராமல் அதற்கு எழும்பத் தெரியாது. "வாசிங்கக்கா" என்று ரெபேக்காள் கிசுகிசுத்தாள், அவள் விரல் கட்டைப்பக்கம் நீண்டது, அப்புறம் என்ன நினைத்தாளோ, தானாகவே சுருங்கிற்று. நான் பலகையைப் பார்த்தேன். அந்த வெள்ளை பீடத்தில் அப்படியே நிற்கிறது. அவனுக்குப் பாட்டு தெரியும், முதல் வரியை அவனே எடுத்துக் கொடுத்திருக்கலாம், அவன் குரலுக்குச் சபை உடனே எழும்பியிருக்கும். வாய் திறக்கவில்லை. செருமக்கூட இல்லை. இறங்கவுமில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது, பிறகு வேர்வை நின்றது, ஒரு மூச்சு தானாய் வந்து உள்ளே போயிற்று. அவன் நின்றான். நான் அவசரப்படாமல் தேடினேன்.